பம்பு அழுத்தம் தருவதில்லை

வெள்ளிக்கிழமை பொழுது விடியும் முன்பே குந்தாரப்பள்ளி சந்தையில் ஆடுகள் இறங்கத் தொடங்கிவிடும். கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள். பக்ரீத், தீபாவளி நெருங்கினால் கூட்டம் இன்னும் பெருகும். சந்தை கலைந்த பிறகு, புழுக்கையும் மூத்திரமும் ஊறிப்போன அத்தனை வேன்களையும் யாராவது கழுவியாக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையோரம் ‘வாட்டர் சர்வீஸ்’ பலகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டு வேன் போனால் கிரானைட் தூசி படிந்த டிப்பர் வரும், அது போனால் சிப்காட் ஆலைக்கு உதிரிபாகம் ஏற்றிவந்த லாரி வரும்.

இந்த வட்டாரத்தில் உயர் அழுத்தப் பம்பு வண்டி கழுவ மட்டும் பயன்படுவதில்லை. மாங்கூழ் ஆலையில் கிரேட்டு கழுவுவதும் பால் மாட்டுக் கொட்டகையில் தரை கழுவுவதும் அதுதான். மாந்தோப்பில் டிராக்டரின் பின்னால் மாட்டி மருந்தடிக்கிறார்களே, எச்.டி.பி. ஸ்பிரேயர், அதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது மூன்று பிஸ்டன் வரிசையாக நிற்கும் இதே பம்புதான். பைக் கழுவும் சிறு கடைகள் பலவற்றில் அந்த மருந்தடிக்கும் பம்பையே மோட்டாரோடு பெல்ட் போட்டு ஓட்டுகிறார்கள். பம்பு எதுவானாலும் புகார் ஒன்றுதான்: “அண்ணே, பம்பு போயிடுச்சு. பிரஷரே வரல.”

பெரும்பாலான நேரங்களில் பம்பு போயிருக்காது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. பம்பு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது செய்வது ஒரே வேலை: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு தண்ணீரை உள்ளிழுத்து அதே அளவை வெளியே தள்ளுவது. தள்ளிய தண்ணீருக்கு எதிரே தடை இருந்தால்தான் அழுத்தம் ஏறும். அந்தத் தடை கன் முனையில் இருக்கும் நாசில். நாசிலைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் தாராளமாகக் கொட்டும், மீட்டர் முள் மட்டும் கீழேயே கிடக்கும். பம்பு அதே பம்பு, வேகமும் அதே வேகம்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். லாரி கழுவும் நடுத்தர இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 15 லிட்டர் தண்ணீரை 150 பார் அழுத்தத்தில் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் இதையே ‘150 கிலோ’ என்பார்கள், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 150 கிலோ எடை அழுத்துவது போன்ற விசை. அந்தத் தண்ணீர் நாசிலிலிருந்து நொடிக்கு 170 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் வெளிவருகிறது. நாசில் துளையின் விட்டமோ ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. தண்ணீருக்குக் கொடுக்க வேண்டிய திறன் மட்டுமே 3.75 கிலோவாட், ஐந்து குதிரைத்திறன். பைக் கடையின் எச்.டி.பி. பம்பு வேறு மாதிரி: நிமிடத்துக்கு சுமார் 30 லிட்டர், அழுத்தம் 30 பார் அளவில். அழுத்தம் குறைவு, தண்ணீர் அதிகம். அதனால்தான் இரண்டு மூன்று குதிரைத்திறன் மோட்டாரிலேயே அது ஓடிவிடுகிறது.

இனி நாசிலுக்கு வருவோம். இந்த வேகத்தில் மணல் கலந்த போர் தண்ணீர் ஓடினால் துளை தேய்ந்துகொண்டே போகும். பம்பு அனுப்பும் தண்ணீர் மாறாதபோது, அழுத்தம் துளையின் பரப்பைப் பொறுத்து இருமடிப் பங்கில் விழும். விட்டம் பத்து சதவீதம் பெருத்தால் பரப்பு 21 சதவீதம் கூடும், அழுத்தம் 150-லிருந்து 102 பாருக்கு இறங்கிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாத தேய்மானம் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தை விழுங்கிவிடுகிறது. சில நூறு ரூபாய் நாசிலை மாற்றாமல் பல ஆயிரம் ரூபாய்ப் பம்பைப் பிரித்துப் போடுவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடக்கும் கூத்து. நாசில் அடைத்துக்கொண்டால் நேர்மாறாக நடக்கும். அழுத்தம் ஏறும், ரெகுலேட்டர் திறந்து தண்ணீரைத் திருப்பி அனுப்பிவிடும், கன் முனையில் பீய்ச்சல் கோணலாக வரும். ஒரு மெல்லிய கம்பியால் குத்தி, எதிர்த்திசையில் தண்ணீர் விட்டால் தீர்ந்தது.

நாசில் சரியென்றால் அடுத்து வாளி. நாசிலைக் கழற்றிவிட்டு கன்னை வாளிக்குள் பிடித்து ஒரு நிமிடம் ஓட்டி அளந்தால், பம்பின் உடல்நிலை பாதி தெரிந்துவிடும். 15 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 15 வந்தால் பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது. பத்து லிட்டர்தான் வந்தால் மூன்று சிலிண்டரில் ஒன்று சும்மா இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சிறு கசிவுகள் அழுத்தம் இல்லாதபோது வெளியே தெரியாது, ஆகவே நாசிலை மாட்டிக்கொண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். எச்.டி.பி. பம்பில் இன்னும் சுலபம். கன் திறந்திருக்கும்போது பைபாஸ் ஓஸ் வழியாகத் தண்ணீர் தொட்டிக்குத் தாராளமாகத் திரும்பினால் குற்றவாளி ரெகுலேட்டர்.

உள்ளே வரும் தண்ணீரையும் அதே வாளியால் அளக்கலாம். 15 லிட்டர் கேட்கும் பம்புக்கு 20 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பும் அளவுக்கு வரத்து வேண்டும். அதைவிடக் குறைந்தால் பம்பு பட்டினி கிடக்கிறது என்று பொருள். பழுதுகளின் பெரிய மூலம் இந்தப் பக்கம்தான் என்பது என் கணிப்பு, ஆனாலும் ஆட்கள் கடைசியாகத்தான் இங்கே பார்க்கிறார்கள்.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. பிஸ்டன் பின்வாங்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியிலிருக்கும் காற்று மண்டலம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்று மண்டலத்தால் தண்ணீரை 10.3 மீட்டர் உயரத்துக்குத் தாங்க முடியும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் அது ஏறக்குறைய 9.3 மீட்டர்தான். சென்னையில் முனகிக்கொண்டு ஓடிய பம்பு ஓசூரில் கொஞ்சம் அதிகமாகவே முனகும். இதோடு குழாயின் உராய்வு சேர்கிறது. முக்கால் அங்குல ஓஸ் போட வேண்டிய இடத்தில் அரை அங்குலம் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு ஏழு மடங்குக்கு மேல் எகிறும். விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு எதிர்விகிதத்தில் இழப்பு மாறுவதால் வரும் வினை. ஓஸ் வாங்கும்போது மிச்சம் பிடிப்பவர்களுக்கு இந்த ஐந்தாம் மடி தெரிவதில்லை.

உறிஞ்சும் பக்கம் அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் தண்ணீர் அந்த இடத்திலேயே கொதிக்கிறது. சூடு ஏறியல்ல, அழுத்தம் இறங்கிக் கொதிக்கிறது. நீராவிக் குமிழிகள் உண்டாகி, பிஸ்டன் முன்னே தள்ளும்போது நொறுங்கி மறைகின்றன. நொறுங்கும் கணத்தில் மிகச் சிறிய புள்ளியில் ஏறும் அழுத்தம் உலோகத்தையே கொத்தி எடுக்கும். 1890-களில் வேகமாகச் சுழன்ற கப்பல் உந்துவிசிறிகளில்தான் இது பெரிய தலைவலியாக வெளிப்பட்டது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் டேரிங் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய டர்பினியா கப்பலும் முதலில் திணறியது. ஒரே தண்டுக்குப் பதில் மூன்று தண்டும் ஒன்பது விசிறியும் வைத்து வேலையைப் பங்கிட்ட பிறகுதான், 1897-இல் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பின் நடுவே அது எல்லோரையும் முந்திச் சீறியது. குமிழி நொறுங்கும்போது எவ்வளவு அழுத்தம் எழும் என்பதை 1917-இல் இயற்பியலாளர் ராலே கணக்கிட்டுக் காட்டினார். கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி பம்பு சத்தம் போட்டால், டர்பினியாவின் விசிறி பட்ட அதே பாட்டைத்தான் உங்கள் வால்வு படுகிறது.

மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் சூடாக இருந்தால் குமிழி சீக்கிரம் வரும். 30 டிகிரியில் நீராவி அழுத்தம் 0.04 பார், 60 டிகிரியில் 0.2 பார். மேற்கொண்டு, சித்திரை வெயிலில் காய்ந்த தண்ணீர் சீலையும் சேர்த்து வதக்கும். தொட்டியை நிழலில், பம்பைவிட உயரத்தில் வைத்துவிட்டால் பாதித் தொல்லை ஒழிந்தது.

காற்று புகுவது இன்னொரு கதை. அழுத்தப் பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் காட்டிக்கொடுத்துவிடும். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை ஒரு சொட்டுகூடச் சிந்தாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். மீட்டர் முள் ஆடும், ஓஸ் உதறும், கன்னில் தண்ணீர் வெள்ளையாகத் துப்பும். ஷாம்பு நுரையை ஒவ்வொரு கிளாம்பிலும் தடவி ஓட்டினால், நுரை எங்கே உள்ளே போகிறதோ அங்கே ஓட்டை. பைபாஸ் ஓஸை உறிஞ்சும் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே தொட்டிக்குள் தொங்கவிடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அது கலக்கிவிடும் நுரைக் காற்றைப் பம்பு திரும்பக் குடிக்கும். இரண்டையும் தொட்டியின் எதிரெதிர் மூலைகளில் போட்டால் போதும், செலவே இல்லாத ரிப்பேர்.

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகர குடிநீர் வாரியம் அறிவித்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் கழுவிய தண்ணீரைத் தேக்கித் திரும்பப் பயன்படுத்தும் யோசனைக்கு இனி வேலை இருக்கிறது. நல்லதுதான். ஆனால் கழுவிய தண்ணீரில் இருப்பது கிரானைட் துகள். இரண்டு மூன்று தடுப்பு வைத்த தொட்டியில் மண்டி படியவிட்டு, வடிகட்டி போட்டுத்தான் பம்புக்கு விட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: வடிகட்டி மிக நெருக்கமாக இருந்தால் அடைத்துக்கொண்டு பம்பைப் பட்டினி போடும். பெரிய வடிகட்டியாகப் போட்டு அன்றாடம் கழுவுவதுதான் வழி.

கன்னை விட்டதும் தண்ணீர் எங்கே போகிறது? பிஸ்டன் நிற்பதில்லை. தள்ளிய தண்ணீருக்குப் போக்கிடம் கொடுப்பது அன்லோடர் வால்வு. அது சிக்கிக்கொண்டால், கன்னை விட்ட கணத்தில் அழுத்தம் விண்ணென்று ஏறி ஓஸ் வெடிக்கலாம், மோட்டார் டிரிப் ஆகலாம். கன் மூடியிருக்கும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை பம்பு ‘டக் டக்’ என்று உதைத்துக்கொண்டே இருந்தால், அன்லோடருக்குப் பிறகு எங்கோ சிறு கசிவு இருக்கிறது. கன்னின் வால்விலோ, கப்ளிங்கின் ஓ-ரிங்கிலோ, அன்லோடரின் சொந்த ஒருவழி வால்விலோ அது இருக்கும். பல பேர் இதற்கு அன்லோடரின் திருகை இறுக்குவார்கள். தேய்ந்த நாசிலின் குறையையும் அந்தத் திருகிலேயே சரிக்கட்டப் பார்ப்பார்கள். நாளைக்கு யாராவது புது நாசிலை மாட்டியதும் அழுத்தம் எல்லை மீறும்.

பெரிய வாஷர்களில் பைபாஸ் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் பம்பின் வாய்க்கே சுற்றிவரும். சுற்றில் இருப்பது 300 மில்லி தண்ணீர், அதில் அரை கிலோவாட் திறன் வெப்பமாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், 30 டிகிரி 60 டிகிரியாக மாற ஒன்றேகால் நிமிடம் போதும். ஃபோன் பேச கன்னை விட்டுவிட்டு, மோட்டாரை ஓடவிட்டுப் போனால் சீல் வெந்துவிடும். இதற்காகவே 60 டிகிரி அளவில் திறந்து சூட்டுத் தண்ணீரைச் சொட்டவிடும் வெப்ப வால்வைப் பொருத்தியிருப்பார்கள். ‘லீக்காகுது’ என்று அதைக் கழற்றி போல்ட் போட்டு அடைத்தவர்களும் உண்டு.

சூடான சுற்றில் இன்னொன்றும் நடக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரின் பெயர் ஃபுளோரைடால் கெட்டது. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி 2013-இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்கான பதில். பம்புக்கு ஃபுளோரைடு பொருட்டல்ல, போர் தண்ணீரின் கால்சியம்தான் எதிரி. கால்சியம் பைகார்பனேட் கரைந்த தண்ணீர் சூடாகும்போது கார்பனேட்டாக மாறி வெள்ளைப் பொருக்காகப் படியும். படியும் இடம் வால்வின் இருக்கை.

மூன்று பிஸ்டன் பம்பில் ஆறு வால்வுகள்: உள்ளே விட மூன்று, வெளியே விட மூன்று. 1,450 சுற்றில் ஓடும் பம்பில் ஒவ்வொரு வால்வும் மணிக்கு 87,000 முறை திறந்து மூடுகிறது. ஒரு மணல் துகளோ உப்புப் பொருக்கோ இருக்கையில் உட்கார்ந்தால் அந்த வால்வு மூடாது, அந்தச் சிலிண்டர் தண்ணீரை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தானே போயிற்று என்று தோன்றும். ஆனால் அழுத்தம் ஓட்டத்தின் இருமடியைப் பின்பற்றுவதால் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் ஒன்பதில் நான்கு பங்கு அழுத்தத்தைத்தான் தரும். 150 பார் 67 பாராகிவிடும். ஒரே ஒரு வால்வில் மாட்டிய மணல்! கடைக்காரருக்குப் பம்பு செத்துவிட்டதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வால்வு மூடிகளைக் கழற்றி ஆறையும் வரிசை மாறாமல் துணியில் எடுத்து வைத்து, ஸ்பிரிங்கும் இருக்கையும் பார்க்க வேண்டும். பொருக்கு இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ ஊறவைத்தால் கரையும். பாத்ரூம் ஆசிட்டைத் தொடவே கூடாது, பித்தளையையும் அலுமினியத்தையும் அது தின்றுவிடும். ஒன்று தேய்ந்திருந்தால் ஆறையும் மாற்றுவது உத்தமம். மற்ற ஐந்தும் அதே வயதுதான்.

சீல்களின் கதைக்கு 230 வருடம் பின்னே போக வேண்டும். 1795-இல் ஜோசப் பிராமா நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பிஸ்டனைச் சுற்றிக் கசியும் தண்ணீரை நிறுத்த வழி தெரியவில்லை. இறுக்கினால் பிஸ்டன் நகராது, தளர்த்தினால் தண்ணீர் நிற்காது. அவரிடம் வேலைபார்த்த ஹென்றி மாட்ஸ்லே கண்டதாகச் சொல்லப்படும் வழி, கிண்ணம் போல வளைத்த தோல். தண்ணீர் அதன் உதட்டுக்குள் புகுந்து உதட்டைப் பிஸ்டன்மேல் அழுத்தும். அழுத்தம் கூடக் கூடச் சீல் தானாகவே இறுகும். இன்றைய பம்பில் தோலுக்குப் பதில் ரப்பரும் துணியும் சேர்ந்த வளையம், உத்தி அதேதான். இந்தச் சீலுக்குக் குளிர்ச்சியும் மசகும் தண்ணீரேதான். தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் உதடு கருகும். காய்ந்து சூடேறிய செராமிக் பிஸ்டன்மேல் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது விரிசல் விடும். அந்த விரிசல் புதுச் சீலை அரம் போட்டதுபோல் அறுத்துவிடும், அதனால் சீல் மாற்றும்போது பிஸ்டனை நகத்தால் தடவிப் பார்ப்பது அவசியம். எச்.டி.பி. பம்பில் சிலிண்டர்மேல் கிரீஸ் கப்புகள் இருக்கும். ஓடும் நாளில் அவ்வப்போது அவற்றைத் திருகி இறக்க வேண்டும், பலர் அவை எதற்கு என்றே கேட்பதில்லை.

பம்பின் அடியில் சிறு துளைகள் இருக்கும். அங்கே தண்ணீர் சொட்டினால் தண்ணீர்ச் சீல் போயிருக்கிறது, ஆயில் சொட்டினால் ஆயில் சீல். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஆயில் பக்கம் போய்ச் சேரும். ஆயில் பால் நிறமாகிவிட்டால் அது உடனே நிறுத்த வேண்டிய பம்பு. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கையும் கிராங்கையும் துருவேற்றிவிடும், நூற்றுக்கணக்கில் முடிய வேண்டிய செலவு ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். வீட்டு உபயோகத்துக்கு வரும் சின்ன வாஷர்கள் வேறு ரகம். சாய்ந்த தட்டு பிஸ்டனைத் தள்ளும் அமைப்பு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். உள்ளே உடைந்தால் பழுதுபார்க்கும் கூலியில் பாதிப் புதுசு வாங்கிவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால் பெல்ட்டையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பெல்ட் வழுக்கினால் சுற்று குறையும், சுற்று குறைந்தால் தண்ணீர் குறையும். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டார் உறுமிக்கொண்டே எரிந்துபோகும். ஈரத் தரையில் நிற்கிற தொழில் இது. கசிவு மின்சாரத்தில் உடனே துண்டிக்கும் பிரேக்கரும் நல்ல எர்த்தும் இல்லாத கடையில் கன்னைப் பிடிக்கவே கூடாது.

கன்னை விரல்மேல் வைத்து ‘வேகம் பார்ப்பது’ இன்னொரு ஆபத்து. அந்த வேகத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே தெரிவது ஊசி குத்தினது போல ஒரு புள்ளி, உள்ளே சோப்பும் அழுக்கும் தசைக்குள் பரவியிருக்கும். வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல், உயர் அழுத்தத் தண்ணீர் பட்டது என்று சொல்லி உடனே மருத்துவமனையில் காட்ட வேண்டும். விரலை இழந்தவர்கள் பெரும்பாலும் தாமதித்தவர்கள். பம்பைப் பிரிக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீரை மூடி, கன்னை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுவதும் இதற்காகத்தான்.

மாந்தோப்புக்காரர்களின் ஸ்பிரேயருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பூவெடுக்கும் மார்கழி, தையில் ஓடிய பம்பு பிறகு மாதக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும். உள்ளே மிஞ்சிய மருந்துத் தூள் காய்ந்து வால்வை இருக்கையோடு ஒட்டவைத்துவிடும். மருந்தடித்து முடித்ததும் நல்ல தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு பம்பைக் காலியாக்கி வைக்க வேண்டும். அடுத்த பருவத்தில் இன்ஜினைக் கிளப்பும் முன், பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் நாலு சுற்று சுற்றிப் பார்க்கலாம். மூன்று பிஸ்டனும் ஒரே சீராக இழுக்கிறதா, எங்காவது ஒரு சிலிண்டர் மட்டும் லேசாக ஓடுகிறதா என்று கைக்கே தெரிந்துவிடும்.